கிணற்று நீரில் நைட்ரேட்: இரண்டாம் வகைக்கெழு முறையில் அளப்பது எப்படி?

தோவாளை வயலோரக் கிணறானாலும் கல்குளம் பக்கத்து வாழைத்தோட்டக் கிணறானாலும், உரம் போட்ட மண்ணின் வழியே ஊறும் தண்ணீரில் நைட்ரேட் சேர வாய்ப்பு அதிகம். யூரியாவை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்; அது மண்ணில் ஒட்டாமல் மழையோடு இறங்கிவிடும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தண்ணீரில் இது மிகுந்தால், ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்தெமோகுளோபினாக மாறும். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு (ஐ.எஸ். 10500:2012) லிட்டருக்கு 45 மி.கி.

ஏன் வகைக்கெழு?

எந்த அலைநீள ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் கருவி புற ஊதா ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். நைட்ரேட் 200 நானோமீட்டரை ஒட்டிப் புற ஊதா ஒளியை வலுவாக உறிஞ்சும். இலை மக்கிய கரிமப் பொருளும் அங்கேயே உறிஞ்சும். 220 நா.மீ. உறிஞ்சல் அளவிலிருந்து 275 நா.மீ. உறிஞ்சல் அளவின் இருமடங்கைக் கழிப்பது வழக்கமான முறை. அந்த 'இருமடங்கு' எல்லாத் தண்ணீருக்கும் பொருந்தாது. குளக்கரைக் கிணறுகளுக்கு அதை நம்ப வேண்டாம். அலைநீளத்துக்கு எதிராக உறிஞ்சலை வரைந்தால், கரிமப் பொருளின் கோடு மெதுவாகச் சரியும். நைட்ரேட்டின் கோடு சட்டென்று விழுந்து வளையும். கோட்டின் சரிவைக் கணக்கிடுவதுதான் வகையிடுதல்; கிடைக்கும் விடை வகைக்கெழு. இரண்டு முறை வகையிட்டால் மெதுவான சரிவு ஏறக்குறையப் பூஜ்யமாகும். நைட்ரேட்டின் வளைவு மட்டும் 224 நா.மீ. அருகே முகடாக எழும்.

கரைசல்கள்

105 டிகிரி செல்சியஸில் உலர்த்திய பொட்டாசியம் நைட்ரேட் 0.163 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. நைட்ரேட் கிடைக்கும். இதிலிருந்து லிட்டருக்கு 1, 2, 5, 10 மி.கி. ஸ்டாண்டர்டுகளை (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்) தயாரியுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை நைட்ரிக் அமிலத்தில் கழுவவே கூடாது. ஒட்டியிருக்கும் மிச்சம் நைட்ரேட்டாகவே கணக்கில் வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும்.

கிணற்று நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டி, முதலில் வருவதைக் கொட்டிவிடுங்கள். செல்லுலோஸ் நைட்ரேட் வடிதாள் வேண்டாம். செல்லுலோஸ் அசிட்டேட் வாங்குங்கள். பிறகு 5 மி.லி. எடுத்து 50 மி.லி. ஆக்குங்கள். நீர்க்காமல் அளந்தால் 45 மி.கி. அளவில் உறிஞ்சல் 2-ஐத் தாண்டி, நேர்கோட்டை விட்டு விலகிவிடும். பிளாங்க் (நைட்ரேட் இல்லாத காய்ச்சி வடித்த நீர்), ஸ்டாண்டர்ட், மாதிரி எல்லாவற்றிலும் 50 மி.லி.க்கு 1 மி.லி. வீதம் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேருங்கள். கார்பனேட்டின் குறுக்கீடு இதனால் நீங்கும்.

ஸ்கேன்

கருவியில் புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு அரை மணி நேரம் சூடாகட்டும். மாதிரியை ஊற்ற 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட் (சிறு சதுரக் குப்பி) கட்டாயம். கண்ணாடி இந்தப் பகுதியில் ஒளியை விடாது. 250 முதல் 210 நா.மீ. வரை, 1 நா.மீ. இடைவெளியில், மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். ஒளிப்பிளவின் அகலத்தை இடையில் மாற்றாதீர்கள். மாற்றினால் முகட்டின் உயரமும் மாறும்.

கணக்கு

1964-இல் சாவிட்ஸ்கியும் கோலேயும் வெளியிட்ட ஐந்து புள்ளிக் கணக்கு விரிதாளில் எளிதில் அடங்கும். அடுத்தடுத்த ஐந்து உறிஞ்சல் அளவுகளை முறையே 2, −1, −2, −1, 2 ஆல் பெருக்கிக் கூட்டி 7 ஆல் வகுத்தால், நடு அலைநீளத்துக்கான இரண்டாம் வகைக்கெழு வரும். இடைவெளி 0.5 நா.மீ. என்றால் விடையை மேலும் 0.25 ஆல் வகுக்க வேண்டும். முகட்டின் உயரத்தை ஸ்டாண்டர்ட் செறிவுக்கு எதிராக வரைந்து, மாதிரியின் அளவைப் படித்து 10 ஆல் பெருக்குங்கள்.

முகடு ரம்பப்பல் மாதிரி தெரிந்தால் அது இரைச்சல். ஒவ்வொரு முறை வகையிடும்போதும் இரைச்சல் பெருகும். ஸ்கேனை மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்துவிட்டு வகையிடுங்கள். கணக்கில் ஐந்துக்கு மேல் புள்ளிகளைச் சேர்த்து இரைச்சலை மழுப்பினால் முகடும் தட்டையாகும். கடலோரக் கிணறுகளில் புரோமைடு 200 நா.மீ. பக்கம் உறிஞ்சும், நைட்ரைட்டும் குறுக்கிடும். சந்தேகம் வந்தால், நீர்த்த மாதிரி 49 மி.லி.யில் 100 மி.கி. ஸ்டாண்டர்ட் 1 மி.லி. சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறத்தாழ 2 மி.கி. கூட வேண்டும். 1.8-க்குக் கீழே போனால் அந்த மாதிரிக்கு இம்முறையின் விடையை எழுதாதீர்கள்.

அறிக்கையில் 'நைட்ரேட்டாக' என்று குறிப்பிடுங்கள். 45 மி.கி. நைட்ரேட்டும் சுமார் 10 மி.கி. நைட்ரேட்-நைட்ரஜனும் ஒரே அளவுதான். குறிக்காவிட்டால் படிப்பவர் நான்கு மடங்குக்கு மேல் தவறுவார்.