கடலடி ரோபோக்கள்: நீரில் இறக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கடலுக்கடியில் தானாக நீந்தும் ரோபோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ட்ரோன்தான். வானில் பறப்பதை நீருக்குள் விட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம். இந்தத் துறையில் நடக்கும் பல தவறுகள் இந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன. ட்ரோனை விட்டவர் அதைக் கண்ணால் பார்க்கலாம், படம் உடனுக்குடன் கைக்கு வரும், தடுமாறினால் திருப்பி அழைக்கலாம். கடலில் இதில் எதுவும் கிடையாது. ஜிபிஎஸ் அலைகள் நீர்ப்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. மிஞ்சுவது ஒலி. அது நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகிறது. 4 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் ரோபோவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்கவே ஐந்து நொடிக்கு மேல் ஆகும். பதிலும் சிறு செய்தியாகத்தான் வரும்: இந்த ஆழத்தில் இருக்கிறேன், பேட்டரி இவ்வளவு மிச்சம், கோளாறு இல்லை. நேரலைப் படம் எதுவும் மேலே வராது.

அதனால் ரோபோவுக்குச் சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் இறக்குவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். எது நடந்தால் என்ன செய்வது என்ற முடிவுகள் மேஜையிலேயே எடுக்கப்பட வேண்டியவை. நான் இங்கே எழுதும் தவறுகள் எல்லாம் இதை மறப்பதால் வருபவை.

முதலில் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் வரும் குழப்பம். கேபிளால் கப்பலோடு பிணைக்கப்பட்டு, மேலே உட்கார்ந்திருப்பவர் இயக்குவது ஆர்ஓவி. கேபிள் இல்லாமல், தன் பேட்டரியில், தன் திட்டப்படி ஓடுவது ஏயூவி. செய்தித்தாள்களில் இரண்டுமே 'நீர்மூழ்கி ரோபோ'தான். ஆனால் இரண்டின் வேலையும் வேறு. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஏப்ரல் 3 அன்று சுமார் 3900 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைக் கண்டுபிடித்தவை ரீமஸ் 6000 என்ற ஏயூவிகள். பரந்த கடல்தரையை வரிசை வரிசையாக உழுது சோனார் படம், அதாவது ஒலியின் எதிரொலியைக் கொண்டு உருவாக்கும் படம், எடுக்க அவைதான் ஏற்றவை. ஆனால் கறுப்புப் பெட்டியை மே மாதத் தொடக்கத்தில் மேலே எடுத்து வந்தது ஓர் ஆர்ஓவி. கையால் பற்றி எடுக்கும் வேலைக்கு மேலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இயக்க வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இரண்டு வகையும் உண்டு. ரோசப் 6000 ஆர்ஓவி. 2010இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5000 மீட்டரைத் தாண்டி இறங்கியது. ஓஎம்இ 6000 ஏயூவி. உலோக முடிச்சுகள் கிடக்கும் ஆழ்கடல் தரையை அளந்து வரைபடமாக்குவது அதன் வேலை. பரப்பைத் தேட ஏயூவி, ஒரு பொருளிடம் நின்று வேலை செய்ய ஆர்ஓவி. மாற்றி வாங்கிவிட்டு, வாங்கியதை வைத்து வேலையை வளைப்பவர்கள் இருக்கிறார்கள்.

முழுத் தன்னியக்கம்தான் உயர்ந்தது, கேபிள் இருந்தால் பழைய காலத்துக் கருவி என்ற நினைப்பும் இதோடு சேர்ந்து வருகிறது. 1915இல் அண்டார்டிகாவின் வெட்டெல் கடல் பனியில் நசுங்கி மூழ்கிய எண்டியூரன்ஸ் கப்பலைத் தேடி 2019இல் ஒரு குழு போனது. கேபிள் இல்லாத ஏயூவியைப் பனிக்கடியில் அனுப்பியது. அது திரும்பவே இல்லை. 2022இல் மறுபடி போனபோது சேபர்டூத் என்ற இருவகை வாகனத்தை எடுத்துச் சென்றார்கள். தானாகவும் ஓடும், மெல்லிய கண்ணாடியிழைக் கேபிளையும் இழுத்துக்கொண்டு போகும். சோனார் படம் உடனுக்குடன் மேலே வந்தது. மார்ச் 5 அன்று 3008 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தது. வேலைக்கு எது பொருந்துகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். அங்கே கௌரவம் பார்க்கக் கூடாது.

ஆழம் பற்றிய தவறு மிகப் பரவலானது. 2014 ஏப்ரலில், காணாமல்போன மலேசிய விமானமான எம்எச்370ஐத் தேட புளூஃபின் 21 என்ற ஏயூவியை இறக்கினார்கள். அதன் எல்லை 4500 மீட்டர். முதல் பயணம் 16 மணி நேரம் தேடுவதாகத் திட்டம். சுமார் ஆறு மணி நேரத்தில் அது மேலே வந்துவிட்டது. வரைபடம் காட்டியதைவிடக் கடல் ஆழமாக இருந்தது; எல்லையைத் தொட்டதும் பாதுகாப்பு நிரல் அதை மேலே ஏற்றிவிட்டது. ரோபோ தன் கடமையைச் சரியாகச் செய்தது. குறை வரைபடத்தில். உலகக் கடல்தரையின் பெரும்பகுதிக்கு நம்மிடம் இருப்பது செயற்கைக்கோள் தரவிலிருந்து கணித்த தோராய ஆழம்தான். இதே விமானத்துக்காகத் தென் இந்தியப் பெருங்கடலில் பின்னர் நடந்த பெரிய தேடலில், முதலில் கப்பல் சோனாரால் அடித்தரையை அளந்து வரைபடம் தயாரித்துவிட்டு அப்புறம்தான் ஆழத்தில் தேடும் கருவிகளை இறக்கினார்கள். சிறிய அளவில் செய்பவர்களுக்கும் இதே வரிசைதான்: போகும் இடத்தை முதலில் படகிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

ஆழ எல்லை என்பது ஒரு தடவை தாங்கிக் காட்டினால் போதும் என்ற சமாச்சாரமும் இல்லை. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அழுத்தம் ஏறுகிறது. 6000 மீட்டரில் 600 மடங்கு. ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் பொருள் அழுந்தித் தளர்கிறது. உட்ஸ் ஹோல் ஆய்வு நிறுவனத்தின் ஏப் என்ற ரோபோ இருநூற்றுக்கும் மேற்பட்ட முறை பத்திரமாக இறங்கி ஏறியது. 2010 மார்ச்சில் சிலி அருகே தொலைந்தது. மிதவைக்காக வைத்திருந்த கண்ணாடிக் கோளம் ஒன்று நொறுங்கியிருக்கலாம் என்று கருதினார்கள். ஒன்று நொறுங்கினால் அதன் அதிர்ச்சி அலை பக்கத்தில் இருப்பவற்றையும் உடைத்துவிடும். அதே நிறுவனத்தின் நீரியஸ் 2014 மே மாதம் கெர்மடெக் அகழியில் 9900 மீட்டரில் சிதறியது. உலகத்திலேயே மிகத் தேர்ந்தவர்களுக்கு இப்படி நடந்தது. 'போன தடவை தாங்கியதே' என்ற பேச்சு நம் ஆய்வகங்களில் சர்வசாதாரணம். அதை நிறுத்த வேண்டும்.

கோளாறு வந்தால் எடையைக் கழற்றிவிட்டு மேலே வா என்பதுதான் பெரும்பாலான ரோபோக்களின் கடைசிப் பாதுகாப்பு. திறந்த கடலில் அது சரி. தலைக்கு மேல் பனிப்பாறை இருந்தால்? 2005இல் பிரிட்டனின் ஆட்டோசப்2 அண்டார்டிகாவின் ஃபிம்புல் பனி அடுக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுபோனது. மேலே வர அங்கே வழியே இல்லை. நம் ஊருக்குப் பனி கிடையாது, ஆனால் இந்தக் கேள்வி உண்டு. துறைமுகத்தில் மேலே வந்தால் கப்பல் அடிக்கும். அணையின் மதகருகே வந்தால் நீர் இழுத்துக்கொண்டு போய்விடும். பாலத்தூண்களைச் சோதிக்க அனுப்பிய ரோபோ தூண்களுக்கிடையே மேலெழுந்து சிக்கிக்கொள்ளும். மேலே வருவது பாதுகாப்பா, இருந்த இடத்திலேயே நிற்பது பாதுகாப்பா, வந்த வழியே திரும்புவது பாதுகாப்பா என்பதை இடம் பார்த்து முன்கூட்டியே எழுத வேண்டும். இந்த நிரலைத்தான் பல மாணவர் குழுக்கள் கடைசி வாரத்துக்குத் தள்ளுகின்றன.

அடுத்தது இருப்பிடம். ரோபோ தன் திசையையும் வேகத்தையும் அளந்து, புறப்பட்ட புள்ளியிலிருந்து கணக்குப் போட்டுத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறது. பிழை கூடிக்கொண்டே போகும். நல்ல, விலை உயர்ந்த கருவிகளிலேயே போன தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிழை வரும். 100 கிலோமீட்டர் ஓடினால் 100 மீட்டர். அதுவும் கடல்தரையைப் பார்த்து வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவிக்குத் தரை எட்டும்போதுதான். பரவலாகப் பயன்படும் வகைகளுக்குச் சுமார் 200 மீட்டர்தான் எட்டும். 4000 மீட்டர் இறங்கும் ரோபோ வழியில் பெரும்பகுதி நேரம் தரையைப் பார்ப்பதே இல்லை. இறங்க இரண்டு மணி நேரம், நீரோட்டம் நொடிக்கு 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தரைக்கு வரும்போது அது 1.8 கிலோமீட்டர் தள்ளிப்போயிருக்கும். திரையில் தெரியும் பாதைக்கோடு நேராக, அழகாக இருக்கும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். கப்பலிலிருந்து ஒலியால் இடம் திருத்த வேண்டும். அதற்கும் நீரின் வெப்பமும் உப்பும் ஒலியின் வேகத்தை மாற்றும் என்பதால், அன்றன்றைக்கு அந்த இடத்திலேயே அளந்த ஒலிவேக அட்டவணை தேவை. நேற்றைய அட்டவணையைப் போட்டு வேலையைத் தொடங்குவது சின்னச் சோம்பல்தான், ஆனால் படம் முழுவதும் வளைந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது 'அங்கே தேடியாயிற்று' என்ற சொல். ஏர் பிரான்ஸ் 447 கடைசியாகத் தெரிவித்த இடத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில்தான் கிடந்தது. அந்தப் பகுதியில் 2009லேயே கறுப்புப் பெட்டியின் ஒலியைக் கேட்கத் தேடினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதனால் அங்கே இல்லை என்று தேடல் வேறு பக்கம் போனது. ஒலிக்கருவிகள் வேலை செய்யாமல் போயிருக்கும் வாய்ப்பைக் கணக்கில் எடுத்த பிறகுதான் திரும்பவும் அந்த இடத்துக்கு வந்தார்கள். சோனாரிலும் இதே நிலைதான். பக்கவாட்டுச் சோனாருக்கு நேர் கீழே ஒரு குருட்டுப்பட்டை உண்டு. பாறைக்குப் பின்னால் நிழல் விழும். அடுத்தடுத்த வரிசைகள் ஒன்றையொன்று தாராளமாக மூடாவிட்டால் இடைவெளி விழும். தேடியவர் பதிவில் எழுத வேண்டியது 'இல்லை' என்று மட்டும் கிடையாது. இந்தக் கருவியால், இந்த உயரத்தில், இந்த அளவுப் பொருள் தெரியும்படி பார்த்தோம், தெரியவில்லை என்று எழுத வேண்டும். காணாமல்போனவர்களுக்காக வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்தால் இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

சிறிய ரோபோ செய்பவர்களுக்கு வருவோம். கல்லூரி நீச்சல் குளத்தில் எடையைச் சரிபார்த்துவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோவது தவறாமல் நடக்கிறது. நன்னீரில் கனமீட்டருக்கு 1000 கிலோ, கடல்நீரில் சுமார் 1025. குளத்தில் சரியாக மிதந்து நின்ற 50 கிலோ ரோபோவுக்குக் கடலில் 1.25 கிலோ கூடுதல் மிதப்பு கிடைக்கும். மூழ்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கடலுக்குக் கடலும் மாறும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் வட வங்கக்கடலின் மேல்நீரில் உப்பு குறைவு, அரபிக்கடலில் அதிகம். அரபிக்கடலில் சரிசெய்ததை வட வங்கக்கடலில் அப்படியே இறக்கினால் கனத்துப்போகும். பம்ப் வைத்துத் தன் மிதப்பைச் சிறிதளவே மாற்றி நீந்தும் கிளைடர்களுக்கு இது உயிர்ப்பிரச்சினை.

நீர் புகுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். காரணம் பெரும்பாலும், கூட்டின் மூடியை நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் துடைத்து, கிரீஸ் தடவி, உள்ளே காற்றை உறிஞ்சிச் சிறிது வெற்றிடமாக்கி, அரை மணி நேரம் அழுத்தமானி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வராத நீரும் உண்டு. சென்னையின் ஈரக் காற்றோடு மூடிய 100 லிட்டர் கூட்டுக்குள் இரண்டு கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். ஆழ்கடலின் 2, 3 டிகிரி குளிரில் அது மின்பலகையின் மேல் துளியாகப் படியும். ஏசி அறையில் மூடுங்கள், சிலிக்கா ஜெல் வையுங்கள், முடிந்தால் உலர்ந்த நைட்ரஜன் நிரப்புங்கள்.

வேகத்தில் பேராசை வேண்டாம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நீரைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். அவசரம் இல்லாத வேலைக்குக் கிளைடர் போதும்: 2009இல் ஸ்கார்லெட் நைட் என்ற கிளைடர் 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினை அடைந்தது. 2016 பருவமழைக் காலத்தில் வங்கக்கடலில் இந்திய, பிரிட்டன் விஞ்ஞானிகள் கிளைடர்களை விட்டு மழைக்கும் கடலுக்கும் உள்ள உறவை அளந்தார்கள். ஆனால் கிளைடர் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் போகும். மார்ச், ஏப்ரலில் நம் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஓடும் நீரோட்டம் அதைவிட வேகமாக ஓடும் நாட்கள் உண்டு. அந்தக் கரையில் எந்த மாதம் என்ன நீரோட்டம் என்று மீனவர்களிடம் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

மீனவர்களிடம் கேட்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ரோபோ மேலே வரும்போது அதன் முதுகு மட்டும்தான் நீருக்கு மேல் தெரியும். அலையில் நூறு மீட்டர் தள்ளி நின்றாலே காணாது. வலையில் சிக்கினால் எடுப்பவர் கையில் அது என்னவென்று தெரியாத ஒரு மஞ்சள் குழாய். 2016 டிசம்பரில் தென் சீனக் கடலில் அமெரிக்கக் கடற்படையின் கிளைடர் ஒன்றைச் சீனக் கடற்படை எடுத்துக்கொண்டுபோய் ஐந்து நாள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தது. நாட்டின் கடற்படைக்கே அந்த நிலை. கடலோரக் காவல் படைக்கும் பக்கத்து மீனவ ஊர்களுக்கும் முன்பே சொல்லிவையுங்கள். கூட்டின் மேல் தமிழிலேயே இது என்ன, வெடிக்காது, யாரை அழைப்பது என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். மினுக்கும் விளக்கு, செயற்கைக்கோள் வழியே இடம் சொல்லும் கருவி, இரண்டுக்கும் முதன்மை பேட்டரியிலிருந்து தனியான மின்சாரம். செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இவைதான். வெட்டாதீர்கள்.

கடைசியாகத் தரவு. ரோபோ பத்திரமாகத் தளத்துக்கு ஏறியதும் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கரைக்குத் திரும்புகிறார்கள். அது பார்த்ததெல்லாம் அதன் நினைவகத்துக்குள் இருக்கிறது. இதுவரை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையிலேயே கேமரா நின்றிருக்கலாம், சோனாரின் கடிகாரம் சில நொடி பிந்தியிருக்கலாம். கப்பல் இன்னும் அதே இடத்தில் நிற்கும்போதே கோப்புகளைத் திறந்து, வரிசை வரிசையாகப் பார்த்து, விட்டுப்போன வரிசைகளுக்கு அன்றைக்கே மறுபடி இறக்குங்கள்.