கருப்பே இல்லாத ஜோடிக்குக் கருப்புக் குட்டி: லாப்ரடார் நிறத்தைக் கணக்கிடுவது எப்படி?

மஞ்சள் லாப்ரடாரையும் சாக்லேட் (அதாவது பழுப்பு) லாப்ரடாரையும் இணை சேர்த்தால் கன்னங்கரேல் என்று குட்டி பிறக்கலாம். உடனே தெருநாய் மேல் பழி விழும். பாவம் அது. பழி போடும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். நிறக் கணக்கு பழக லாப்ரடார்தான் சுலபம்: மூன்றே நிறம், அதை முடிவு செய்வது பெரும்பாலும் இரண்டே ஜீன்.

நாயின் முடியில் இரண்டு வகை நிறமி உண்டு. யூமெலனின் கருப்போ பழுப்போ தரும். ஃபியோமெலனின் மஞ்சளிலிருந்து செம்மை வரை தரும். டிஒய்ஆர்பி1 என்ற ஜீன், யூமெலனின் கருப்பா பழுப்பா என்று முடிவு செய்கிறது. கருப்புக்கு 'க', பழுப்புக்கு 'ப' என்று குறித்துக்கொள்வோம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என எல்லா நாய்க்கும் இரண்டு பிரதி. 'க' ஓங்கு பண்பு. அதனால் கக, கப இரண்டும் கருப்பு, பப மட்டுமே பழுப்பு.

எம்சி1ஆர் என்ற இன்னொரு ஜீன் குழாய் மாதிரி. திறந்த பிரதிக்கு 'தி', மூடியதற்கு 'மூ'. ஒரு 'தி' இருந்தாலே யூமெலனின் முடிக்குள் போய்விடும். மூமூ என்றால் போகாது, முடி மஞ்சள்தான். ஆனால் இந்தத் தடை முடிக்கு மட்டும்தான், மூக்குத் தோலுக்குக் கிடையாது. நமக்குத் துப்பு கிடைப்பதே அங்கேதான்.

படி 1: முடியைப் பார்த்து எழுதுங்கள். கருப்பு என்றால் க_ தி_. சாக்லேட் என்றால் பப தி_. மஞ்சள் என்றால் _ _ மூமூ. தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள்.

படி 2: மஞ்சள் நாய்க்கு மூக்கைப் பாருங்கள். கருத்த மூக்கு என்றால் க_ மூமூ. பழுப்பு மூக்கு என்றால் பப மூமூ. இந்த இரண்டாவது வகையை 'டட்லி' என்பார்கள். ஒரு எச்சரிக்கை: சில மஞ்சள் லாப்ரடார்களுக்குக் குளிர்காலத்தில் கருப்பு மூக்கு வெளிறிவிடும். அதனால் உதட்டையும் கண் இமை ஓரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவை கருப்பாக இருந்தால் நாயிடம் 'க' இருக்கிறது.

படி 3: சொந்தபந்தத்தை விசாரித்துக் கோட்டை நிரப்புங்கள். நம் மஞ்சள் தாய்க்கு மூக்கு கருப்பு. ஆனால் அவளைப் பெற்றவள் சாக்லேட். அப்படியானால் ஒரு 'ப' வந்தே தீர வேண்டும்: கப மூமூ. சாக்லேட் தந்தை முன்பு ஒரு மஞ்சள் குட்டிக்குத் தகப்பன் ஆனவன்: பப திமூ.

படி 4: ஒவ்வொரு ஜீனாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். கப, பப சேர்ந்தால் பாதி கப, பாதி பப. மூமூ, திமூ சேர்ந்தால் பாதி திமூ, பாதி மூமூ. இப்போது பெருக்குங்கள்: கப திமூ கால் பங்கு, அதாவது கருப்பு, பப திமூ கால் பங்கு, சாக்லேட், மீதிப் பாதி மஞ்சள், அதிலும் பாதிக்கு டட்லி மூக்கு. கருமைக்கு வேண்டிய 'க' தாயிடம் சும்மா உட்கார்ந்திருந்தது. குழாயைத் திறந்து விட்டது தந்தையின் 'தி'. இது சராசரிதான். ஒரே ஈத்தில் எட்டும் மஞ்சளாகவே பிறந்தாலும் கணக்கு தப்பில்லை.

சந்தேகப்பட வேண்டிய இடங்களும் உண்டு. சாக்லேட்டும் சாக்லேட்டும் சேர்ந்து கருப்பு வராது, இரண்டு பக்கமும் 'க' இல்லையே. மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்தால் மஞ்சள் மட்டுமே. மீறி வந்தால் டிஎன்ஏ சோதனை செய்து பாருங்கள், அதையும் குட்டி குட்டியாக. ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் இருப்பது நாய்களில் நடக்கக்கூடியதே.

படி 5: எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். 'சில்வர் லாப்ரடார்' என்று விற்பது எம்எல்பிஎச் என்ற மூன்றாவது ஜீன் நிறத்தை வெளிறச் செய்த சாக்லேட். அரிய இனம் என்று கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், டால்மேஷியன் போன்றவற்றுக்கு வேறு ஜீன்களும் வேண்டும். இந்த இரண்டு ஜீனை வைத்து ஒப்பேற்ற முடியாது.

பழகிப் பார்க்க ஒன்று: இரண்டு கருப்பு லாப்ரடார்களுக்குப் பழுப்பு மூக்கோடு ஒரு மஞ்சள் குட்டி. பெற்றோரின் ஜீன் குறி என்ன? குட்டி பப மூமூ, ஆகவே இரண்டு பேருமே கப திமூ. இந்த ஜோடியின் குட்டிகள் பதினாறில் 9 கருப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள் என்ற விகிதத்தில் வரும். அந்த நாலு மஞ்சளில் ஒன்றுதான் டட்லி.