தைராய்டு மாத்திரை: காலைக் காபிக்கு முன்னால் ஒரு மணி நேரம்

சேர்வராயன் மலைச்சரிவில் விளையும் காபி, சேலத்து வீடுகளில் விடியும்போதே மணக்கிறது. தைராய்டு மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) இறங்கவில்லை என்றால், டோஸை ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது அந்தக் காபி டம்ளரைத்தான்.

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்ஸின், சிறுகுடலில் உறிஞ்சப்படும் மருந்து. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால்கூட 60 முதல் 80 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். பின்னாலேயே காபி போனால் அதுவும் குறையும். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். அதிகாலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது சிரமம். அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

காபியைவிடக் கெடுதல் செய்வது இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள். குடலிலேயே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே எழுதித் தரப்படுவதால், மூன்றையும் காலையில் ஒரே வாயாக விழுங்கிவிடுகிறார்கள். நடுவில் 4 மணி நேரம் வேண்டும்: காலை 6 மணிக்குத் தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, இரவில் கால்சியம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தைராய்டு மாத்திரையை நிறுத்துவது மிகப் பெரிய தவறு. முதல் 3 மாதம் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். அப்போது டோஸ் பெரும்பாலும் கூட வேண்டியிருக்கும். அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

டோஸ் மாற்றிப் பத்தாம் நாளே லேபுக்கு ஓடுவதில் பயனில்லை. மாத்திரையிலுள்ள ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். டி.எஸ்.எச்.சைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி புதிய அளவுக்குப் பழகி டி.எஸ்.எச். நிலைக்கு வர 6 முதல் 8 வாரம். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அது ரத்தத்தில் இருந்தால் சில கருவிகள் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைவாகக் காட்டும். ரிசல்ட் நார்மல் என்று வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நோய் போய்விட்டது என்று தானாக நிறுத்தாதீர்கள்.

எடைக்கு வருவோம். தைராய்டு குறைவதால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும். 20 கிலோ கூடியதற்கு அதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இளைப்பதற்காக டோஸைக் கூட்டிக்கொண்டால் கொழுப்போடு தசையும் கரையும். நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

சேலத்தில் குச்சிக்கிழங்கை (மரவள்ளி) பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கும். அதற்காகக் கிழங்கையே ஒதுக்க வேண்டாம். தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அயோடின் போதுமான அளவு கிடைக்கிற உடலுக்கு எப்போதாவது சாப்பிடும் கிழங்கு கெடுதலில்லை. இந்துப்புக்கு மாறியவர்கள்தான் யோசிக்க வேண்டும். பாக்கெட்டில் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா பாருங்கள்.

குழந்தை குண்டாக இருந்தால் 'நல்ல வளர்த்தி' என்று விட்டுவிடுகிறோம். சாப்பாட்டால் மட்டும் பருத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்கு மேல் உயரமாக இருக்கும். எடை ஏறி உயரம் நின்றால் தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல் சுவரோடு நிற்கவைத்துக் குறித்து வாருங்கள். 4 வயதுக்கு மேல் வருடம் 5 செ.மீ.கூட வளரவில்லை என்றால் சத்துமாவு டப்பாவைத் தேடாமல் டாக்டரிடம் போங்கள்.

பிறந்த குழந்தைக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் தைராய்டு டெஸ்டைக் கேட்டு வாங்குங்கள். குறை இருந்தால் 2 வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். தாமதம் மூளையைப் பாதிக்கும். மாத்திரையைப் பொடித்து, பாலாடையில் சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்து உடனே புகட்டுங்கள். பால் புட்டியில் கலக்கக் கூடாது. குழந்தை பாதி குடித்துத் தூங்கிவிட்டால், மீதி மருந்து புட்டியிலேயே நின்றுவிடும்.