ஊரில் காசு தரவேண்டியவர் காலமாகிவிட்டால்

வன்னியிலிருந்து வெளிநாடு வந்து சேர்ந்த கையோடு ஊர்க் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடாது. விதைப்புக்கென்று கைமாற்றாகக் கொடுத்த காசு அங்கேயே நிற்கும். வாங்கியவர் காலமாகிவிட்டார் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அதோடு காசும் போயிற்று என்று விட்டுவிட வேண்டாம். அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்கலாம். மனைவி பிள்ளைகள் தங்கள் சொந்தக் காசில் கட்டவேண்டிய கடமை இல்லை; பிணைக்குக் கையெழுத்து வைத்திருந்தால் அது வேறு கதை.

அந்தியேட்டி முடியும்வரை பொறுங்கள். செத்தவீட்டில் கடன் கேட்டவரை ஊர் மறக்காது. அதற்குப் பிறகு இழுத்தடிக்க வேண்டாம். இலங்கைச் சட்டப்படி எழுத்தில் வாங்கிய கடனுக்குப் பொதுவாக 6 வருடம், வாய்ப்பேச்சில் கொடுத்ததற்கு 3 வருடம். அதைத் தாண்டினால் கடன் காலாவதி.

வழக்குப் போட முதல் காணியைப் பாருங்கள். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பல பேர்மிட் காணிகள், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிட் காணியைக் கடனுக்காக நீதிமன்றம் பறித்து விற்க முடியாது. அது வாழ்க்கைத் துணைக்கோ, தனக்குப் பிறகு இவருக்கு என்று அவர் பதிவு செய்த பின்னுரித்தாளருக்கோதான் பொதுவாகப் போகும். ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறதே என்று நம்பி லோயருக்குக் காசைக் கொட்டியவர்கள் கடைசியில் முட்டிக்கொள்வது இங்கேதான். உறுதி எழுதிய சொந்தக் காணி, வங்கிக் கணக்கு, வாகனம், கடைச் சாமான் என்று வேறு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இருந்தால், அவர் வசித்த பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கும் வழக்கு, நடக்கிறதா என்று பார்க்கவேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றிலும் நீதிமன்றம் உண்டு. சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்தவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள்: எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள், எவ்வளவு திரும்பி வந்தது, மீதி என்ன. காசு அனுப்பிய வங்கித் துண்டின் பிரதியையும் வையுங்கள். மூலப்பிரதியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. நீங்கள் போகமுடியாவிட்டால் இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்கலாம். இந்த ஒரு விடயத்துக்கு மட்டும் என்று அதில் எழுதுங்கள்.

கடன்பட்டவர் நீங்கள் என்றால்? பயணக் காசு தந்தவர் இறந்துவிட்டால் அந்தக் கடனும் அழியாது. ஆனால் போன் எடுத்துக் கேட்கிற முதல் ஆளுக்கு அனுப்பிவிடாதீர்கள். நீதிமன்றம் நியமித்தவருக்குக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மூத்தவருக்குக் கட்டியதை இளையவர் திரும்பக் கேட்பார்.