வீட்டு அல்பத்துக்குள் இருக்கும் பழைய கொழும்பு: ஒரு படத்தின் காலத்தையும் இடத்தையும் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கொழும்புப் படம் என்றதும் பலருக்கு நினைவு வருவது அஞ்சலட்டைகள்தான். காலிமுகத்திடல், கோட்டை மணிக்கூட்டு வெளிச்சவீடு, கறுவாத்தோட்டத்து மாளிகைகள். ஸ்கீன், ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற ஸ்டூடியோக்கள் எடுத்தவை அவற்றில் நிறைய. பார்க்க அழகானவை. ஆனால் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கிய பயணிகளுக்கு விற்பதற்காக எடுக்கப்பட்டவை. அடியில் கட்டடத்தின் பெயர் இருக்கும், ஆளுநரின் பெயர் இருக்கும். ரிக்சா இழுத்தவருக்கோ, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கோ, மாநகர சபையின் துப்புரவு வேலையில் இருந்த தமிழருக்கோ பெயர் இருக்காது.

அந்த மனிதர்களின் நகரம் இருப்பது நம் வீட்டு அலுமாரிகளில். மாமா புதுச் சட்டையோடு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் நிற்கிறார்; அவருக்குப் பின்னால் ஒரு கடைப்பலகை, ஒரு பஸ், தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர். நாம் பார்ப்பது மாமாவை மட்டும். பின்னால் நடந்துகொண்டிருப்பது ஊரின் வரலாறு. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் வீடுகளோடு எத்தனையோ அல்பங்களும் எரிந்துபோயின. ஆகவே மிஞ்சிய படங்களை, அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே படித்து எழுதிவைக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. ஒரு பூதக்கண்ணாடி, மென்மையான பென்சில், ஒரு கொப்பி, ஒரு ஸ்கேனர் அல்லது நல்ல கைபேசி போதும்.

படி 1: படத்தைக் கையில் எடுப்பது

கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் படத்தில் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். அதை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், படத்தின் மேற்பூச்சும் சேர்ந்து வந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள்.

1970, 80களில் நம்மிடையே பரவிய ஒட்டும் பக்க அல்பங்கள்தான் பெரிய தலைவலி. படம் பசையில் இறுகிப் போயிருந்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள். வாசனை சேர்க்காத, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுப்பதுபோல மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

படி 2: முதலில் ஒரு பிரதி

ஆராய்வதற்கு முன்பே பிரதி எடுத்துவிடுங்கள். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஸ்கேனின் நுணுக்கத்தைக் குறிக்கும் எண்), தீப்பெட்டி அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண நிலையில் ஸ்கேன் செய்யுங்கள். தாளின் மஞ்சள், மையின் நிறம் எல்லாம் பிறகு தடயமாக உதவும். மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அனுப்பச் சிறிய ஜேபெக் (JPEG) எடுத்தால் போதும். தானாகத் திருத்தும் வசதிகளை அணைத்துவிடுங்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கைபேசி என்றால் ஜன்னலோரத்து வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாமல், படத்துக்கு நேர் மேலிருந்து. அவ்வளவுதான்.

படி 3: தாளையும் பின்பக்கத்தையும் படிப்பது

மெல்லிய தாள், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், தடித்த அட்டையில் ஒட்டியிருக்கிறது என்றால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ஆல்புமென் படம், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டது. இருட்டான பகுதிகளில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால் அதற்குப் பின் வந்த ஜெலட்டின் வகை. செந்நிறமாக மங்கிய வண்ணப் படம் என்றால் 1970களை ஒட்டியதாக இருக்கலாம்.

அஞ்சலட்டையானால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் என்றிருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்போ அதை ஒட்டியோ அச்சானது. நடுவில் கோடிட்டு ஒரு பாதி செய்திக்கு, ஒரு பாதி முகவரிக்கு என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. முத்திரையில் இருக்கும் முகமும் உதவும்: விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜோர்ஜ் 1936 வரை, ஆறாம் ஜோர்ஜ் 1952 வரை. ஆனால் தபால் முத்திரை சொல்வது அட்டை அனுப்பிய நாளை மட்டுமே. அதே படத்தைப் பதினைந்து இருபது வருடம் திரும்பத் திரும்ப அச்சிட்டு விற்றிருக்கிறார்கள்.

படி 4: படம் புரண்டிருக்கிறதா?

நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் நிறைய உண்டு. பெயர்ப்பலகை எழுத்தைப் பாருங்கள். எழுத்து இல்லையென்றால் சேலை முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது, வாகனங்கள் வீதியின் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். முந்தானை இடது தோளில் இருக்க வேண்டும், வாகனம் இடது பக்கம் போக வேண்டும். இரண்டும் மாறியிருந்தால் படத்தைக் கணினியில் திருப்பிவிட்டுத் தொடருங்கள். இல்லாவிட்டால் இடத்தைத் தேடித் தேடிக் களைத்துப் போவீர்கள்.

படி 5: பின்னணியில் காலத்தைத் தேடுவது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொப்பியில் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'இதற்குப் பின்', மறு பக்கம் 'இதற்கு முன்'. படத்தில் தெரியும் ஒவ்வொரு பொருளையும் இரண்டில் ஒன்றில் எழுதப் பாருங்கள்.

'இதற்குப் பின்' சுலபம். ஒரு கட்டடம் படத்தில் இருக்கிறது என்றால் அது கட்டிய பிறகுதான் படம் எடுத்திருக்க முடியும். கொழும்புக்கு அடிக்கடி உதவும் சில ஆண்டுகள்: கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம் 1857, அதன் தலையில் வெளிச்சவீட்டு விளக்கு 1867; புறக்கோட்டைப் பழைய நகர மண்டபம் 1873; நூதனசாலை 1877; சம்மாங்கோட்டுச் சிவப்புப் பள்ளிவாசல் 1909; கோட்டை ரயில் நிலையம் 1917; புறக்கோட்டைக் கான் மணிக்கூட்டுக் கோபுரம் 1923; காலிமுகத்திடல் ஓரத்துப் பழைய பாராளுமன்றம் 1930. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே இருக்கும் வெள்ளைக் குவிமாட டவுன் ஹால் 1920களின் கடைசியில் எழுந்தது.

'இதற்கு முன்' கடினம். ஒன்று இல்லாமல் போன நாள் தெரிந்தால்தான் அந்தப் பக்கத்தில் எழுத முடியும். இதற்குக் கொழும்பில் கிடைக்கும் மிகச் சிறந்த தடயம் வீதிக்கு மேலே ஓடும் கம்பி. தரையில் தண்டவாளம், மேலே ஒற்றைக் கம்பி, வண்டியின் கூரையிலிருந்து அதைத் தொடும் ஒரு கோல் என்றால் அது ட்ராம். 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நின்றது. தண்டவாளம் இல்லை, மேலே இரட்டைக் கம்பி, கூரையில் இரண்டு கோல் என்றால் ட்ரொலி பஸ்: 1953 முதல் 1964 வரை மட்டும். வண்டியே படத்தில் இல்லாமல் வானத்தில் கம்பி மட்டும் தெரிந்தாலும் ஒற்றையா இரட்டையா என்று எண்ணுங்கள். ட்ராமுக்கு மின்சாரம் திரும்பிப்போகும் வழி தண்டவாளம். ரப்பர்ச் சக்கரத்தில் ஓடும் ட்ரொலி பஸ்ஸுக்கு அந்த வழி இல்லாததால்தான் இரண்டாவது கம்பி.

போர் நினைவுத் தூணும் இப்படிப்பட்ட ஒரு தடயம். 1923 அளவில் அதைக் காலிமுகத்திடலில் நிறுவினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் பீரங்கிகளுக்கு அது குறியாகிவிடும் என்ற அச்சத்தில் விக்டோரியா பூங்காவுக்கு மாற்றினார்கள். அந்தப் பூங்காவைத்தான் இன்று விகாரமகாதேவி என்கிறோம். தூண் திடலில் நின்றால் படம் அந்த இருபது வருடங்களுக்குள் எடுத்ததுதான்.

வாகன இலக்கத் தகட்டில் பலர் வழுக்குவார்கள். சிங்கள 'ஸ்ரீ' எழுத்துள்ள தகடுகள் 1958ஐ ஒட்டி வந்தவை. வடக்கில் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்த போராட்டம் நினைவிருக்கும். ஆக 'ஸ்ரீ' தெரிந்தால் 'இதற்குப் பின்' என்று தைரியமாக எழுதலாம். ஆனால் ஆங்கில எழுத்து மட்டும் உள்ள பழைய தகட்டைப் பார்த்து 'இதற்கு முன்' என்று எழுதக் கூடாது. 1950இல் பதிந்த கார் அதே தகட்டோடு 1975இலும் ஓடியிருக்கும். 'சிலோன்' என்ற பெயரும் அப்படியே. நாட்டின் பெயர் 1972 மே 22இல் மாறியது, ஆனால் எத்தனையோ நிறுவனங்களின் பலகையில் சிலோன் இன்றும் இருக்கிறது.

பஸ்ஸின் பக்கத்தில் இலங்கை போக்குவரத்துச் சபையின் சின்னம் இருந்தால் 1958 ஜனவரிக்குப் பிந்தியது. பழைய பஸ் கம்பனியின் பெயர் இருந்தால் அதற்கு முந்தியது.

விழாக்கள் வருடத்தைச் சொல்லாவிட்டாலும் மாதத்தைச் சொல்லும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் போகும் ஆடிவேல் தேர் என்றால் மாதம் தெரிந்துவிட்டது. வீதி முழுக்க அலங்கார வளைவும் பிரித்தானியக் கொடியும் என்றால் அரச வருகையாக இருக்கலாம். இரண்டாம் எலிசபெத் வந்தது 1954 ஏப்ரலில்.

ஒரு படத்தை வைத்துச் செய்து பார்ப்போம்

டவுன் ஹால் படிக்கட்டில் முப்பது பேர் வரிசையாக நிற்கும் படம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பின்னால் பென்சிலில் 'மேயர் வரவேற்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஒரு மூலையில் பஸ். அதில் ஒரு கம்பனிப் பெயர். முன்வரிசையில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை.

கட்டடம் 1920களின் கடைசிக்குப் பின். 'மேயர்' என்ற சொல் அதை இன்னும் இறுக்குகிறது. கொழும்பு மாநகர சபைக்கு 1937இல்தான் தெரிவு செய்யப்பட்ட முதல் மேயர் வந்தார். அவர் ஒரு தமிழர், டொக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. ஆக 1937க்குப் பின். பஸ் கம்பனிப் பெயர் 1958க்கு முன். இருபது வருட இடைவெளியாகச் சுருங்கிவிட்டது. ஊர் இவ்வளவுதான் சொல்லும். மிச்சத்தைச் சொல்ல வேண்டியது அந்தக் குழந்தை. அது யார், எப்போது பிறந்தது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் வருடமே கையில் வந்துவிடும்.

படி 6: பெரியவர்களிடம் கேட்பது

தள்ளிப்போடக் கூடாத படி இது. படத்தைப் பெரிதாக ஏ4 தாளில் அச்சிட்டுக்கொண்டு போங்கள், சின்னப் படத்தில் அவர்களுக்கு முகம் தெரியாது. "இது எந்த வருஷம்?" என்று தொடங்கினால் "தெரியாது பிள்ளை" என்றுதான் பதில் வரும். "ஆச்சி, பின்னால தெரியிற கடை என்ன கடை? அங்க எதில போனீங்கள், ட்ராமிலயா பஸ்ஸிலயா? அப்ப அம்மா பிறந்திட்டாவா?" என்று கேளுங்கள். இடமும் பயணமும் பிறப்பும் நினைவில் நிற்கும், வருட எண் நிற்காது. அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். முகங்களை இடமிருந்து வலமாக வரிசையாகக் கேளுங்கள். வீட்டில் வேலை செய்தவர், பக்கத்துக் கடைக்காரர், ஓரத்தில் தற்செயலாக நிற்பவர் என்று எல்லோருடைய பெயரையும் கேளுங்கள். அஞ்சலட்டைக்காரர்கள் எழுதாமல் விட்டது அந்தப் பெயர்களைத்தான்.

படி 7: எழுதிவைப்பது

தடித்த அட்டைப் படமென்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதலாம். குமிழ்முனைப் பேனா வேண்டவே வேண்டாம். வழுவழுப்பான புதிய தாள் என்றால் உறையில் எழுதுங்கள். கணினிக் கோப்பின் பெயர் இப்படி இருக்கலாம்: 1937-1957_கொழும்பு_டவுன்ஹால்_மேயர்வரவேற்பு_01. கூடவே ஒரு குறிப்பு: யார் யார், எந்த இடம், யார் சொன்னார், எந்தத் தடயத்தால் இந்தக் காலம் என்று முடிவெடுத்தீர்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

செயலிகளால் வண்ணமூட்டிய படத்தை மூலத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். அதிலுள்ள சேலை நிறமும் பஸ் நிறமும் இயந்திரம் ஊகித்தவை. நாளை ஒருவர் அதை நம்பி வரலாறு எழுதிவிடுவார்.

படி 8: சரிபார்ப்பதும் பகிர்வதும்

கடைப்பலகையில் பெயர் தெரிந்தால், கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பேர்குசன் டிரெக்டரி என்ற விபரத் திரட்டின் பழைய தொகுதிகளைத் தேடிப் பாருங்கள். வீதிகள், வர்த்தக நிலையங்கள் பற்றிய விபரம் அவற்றில் உண்டு. பொதுக்கூட்டம், ஊர்வலம் போன்ற படங்களுக்குப் பழைய நாளிதழ்கள் உதவும். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. போகும் முன் பழைய வீதிப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குயின்ஸ் வீதிதான் இன்றைய ஜனாதிபதி மாவத்தை, டரட் வீதிதான் தர்மபால மாவத்தை.

பகிர விரும்பினால், ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் ஈழத்துப் படங்களையும் சேர்த்து வைக்கிறது. உங்கள் வீட்டார் எடுத்த படமென்றால் குடும்பத்தாரிடம் கேட்டால் போதும். ஸ்டூடியோ எடுத்ததென்றால் உரிமையைக் கவனியுங்கள். இலங்கைச் சட்டப்படி படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். உயிரோடு இருப்பவர்கள் படத்தில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை.

மூலப் படங்களைப் பொலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் உறைகளில் இட்டு, அலுமாரியின் நடுத்தட்டில், வெளிச்சுவரைத் தொடாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பூச்சி உருண்டை போட வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்த்து, பொட்டலங்களை மாற்றிவிடுங்கள்.