இறக்கை மூட்டுக்கு எந்தப் பட்டி?

பிளாஸ்டிக் மாதிரி விமானத்தில் கண்ணை முதலில் உறுத்துவது, இறக்கையும் உடற்பகுதியும் சேரும் இடத்தில் தெரியும் இடைவெளிதான். இடைவெளியை நிரப்பும் களிம்பான பட்டியை (putty) எடுப்பதற்கு முன், பசையிடாமல் பாகங்களைப் பொருத்திப் பார்த்து, இடிக்கிற விளிம்பைச் சீவிவிடுங்கள். இடைவெளி பெரும்பாலும் அதிலேயே குறைந்துவிடும். எஞ்சியதை அடைப்பதற்குத்தான் பட்டி. எந்தப் பட்டி என்பதை இடைவெளியின் ஆழம் தீர்மானிக்க வேண்டும்.

டமியா நிறுவனத்தின் சாம்பல் நிற பேசிக் பட்டியைப் போலக் குழாயில் வரும் கரைப்பான் வகை, மாதிரியின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைச் சற்றே இளக்கிப் பிடித்துக்கொள்வதால் உறுதியாக நிற்கும். ஆனால் கரைப்பான் ஆவியாக ஆவியாக அது சுருங்கும். 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாதிரி ஒன்றுக்கு மாலையில் தடிமனாகப் பூசி அன்றிரவே தேய்த்துவிட்டேன். வண்ணம் அடித்த சில நாள்களில் மூட்டு நெடுக நூல் பிடித்தாற்போல ஒரு பள்ளம் விழுந்தது. மேல்தோல் காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்ததே காரணம். ஆகவே மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் ஒரு நாளாவது காயவிடுவது நல்லது.

ஆழமான பள்ளத்துக்கு மில்லிபுட் போன்ற இரு கூறு எபாக்ஸி பட்டியே ஏற்றது. இரண்டு குச்சிகளிலிருந்தும் சம அளவு கிள்ளி, கோடுகள் மறைந்து ஒரே நிறமாகும்வரை கையுறையோடு பிசைய வேண்டும். இது சுருங்குவதில்லை; இறுகுவதற்குள் ஈர விரலால் வழவழப்பாக்கிவிடலாம். தேய்த்தால் அருகிலுள்ள நுண்ணிய வேலைப்பாடு அழிந்துவிடும் என்ற இடங்களில், வயெஹோ நிறுவனத்தின் நீர் கலந்த அக்ரிலிக் பட்டியைப் பூசி, மிகுதியை ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுப்பதே என் வழக்கம். மயிரிழைக் கீறலுக்கு மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்னும் கெட்டியான திரவ நிரப்பியைத் தூரிகையால் தொட்டு வைத்தாலே போதும்.

பூசும்போது மூட்டின் இருபுறமும் சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பட்டியை மேலே தடவாமல் உள்ளே அழுத்தி நிரப்பி, ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, 400, 600, 1000 எனச் சொரசொரப்பு குறையும் எண் வரிசையில் தேய்க்க வேண்டும். இதனால் தூசியும் பறக்காது. தாளுக்குப் பின்னால் ஒரு தட்டையான கட்டை இல்லாவிட்டால், பட்டி, பிளாஸ்டிக் இரண்டில் எது விரைவில் தேய்கிறதோ அது குழிந்துவிடும். பிறகு சாம்பல் நிறப் பிரைமரை (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) மெல்லியதாக அடித்து, விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி பிடித்துப் பாருங்கள். மறைந்துவிட்டதாக நினைத்த கோடு அப்போது தெரியும்.

விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகளை மீண்டும் கீற வேண்டிய இடத்தில் மட்டும் இவை எதையும் நான் நாடுவதில்லை, ஏனெனில் பெரும்பாலான பட்டிகள் ஊசி பட்டதும் ஓரம் உதிர்கின்றன. அங்கே சூப்பர் குளூவை நிரப்பி, இறுகிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும்.