ஸ்டீம் அயன்: வாங்குமுன் பார்க்க வேண்டியது, வாங்கியபின் செய்ய வேண்டியது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கோ வெள்ளவத்தை காலி வீதிக் கடைகளுக்கோ கிளம்புவதற்கு முதல், அயனை வீட்டில் எந்தப் பிளக்கில் போடப் போகிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். ஸ்டீம் அயன்கள் பெரும்பாலும் 1200 முதல் 2400 வாட்ஸ் வரை இழுப்பவை. நமது 230 வோல்ட்டில் 2000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9 அம்பியர். சதுர முள் 13 அம்பியர் பிளக் பேஸ் அதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் கொழும்பில் பழைய வீடுகளிலும் அனெக்ஸ்களிலும் உருண்டை முள் 5 அம்பியர் பேஸ் இன்னும் இருக்கிறது, அதன் எல்லை 1150 வாட்ஸ்தான். அதில் அடாப்டரைச் செருகி அயனைப் போட்டால் பேஸ் சூடாகி இளகும், கருகும், தீப்பிடிக்கவும் கூடும். மல்டி பிளக்கும் வேண்டாம். நேராகச் சுவரில், 13 அம்பியரில். அது இல்லையென்றால் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒரு பேஸ் போட்டுவிட்டு அயன் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த அயனா? லண்டன் என்றால் கவலையில்லை, அங்கும் இதே வோல்ட், இதே சதுர முள். கனடாவில் வாங்கியது என்றால் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படிக்காமல் கை வைக்காதீர்கள். அங்கே 120 வோல்ட். அதை நம் கரண்டில் கொடுத்தால் மூன்றரை மடங்குக்கு மேல் வாட்ஸ் ஏறி உடனேயே எரிந்துபோகும். டிரான்ஸ்போமர் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள், ஆனால் ஒரு அயனைத் தாங்கும் அளவு டிரான்ஸ்போமர் பெரிசும் விலை கூடியதும்தான், அந்தக் காசை இங்கேயே ஒரு அயனில் போடலாம். பிரான்ஸ், ஜேர்மனி அயனுக்கு வோல்ட் சரி, முள்தான் வேறு. ஏர்த் சேராத மலிவு அடாப்டரில் அதைச் செருகுவதுதான் ஆபத்து: தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கிற சாமான், ஏர்த் இல்லாமல் ஒருநாளும் பாவிக்கக் கூடாது.

கடையில்

அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் கிராம் கணக்கு, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆவி வரும் என்பது. 20க்கு மேல் இருந்தால் பள்ளிக்கூட உடுப்புக்கும் ஒபிஸ் சேர்ட்டுக்கும் போதும். அதைவிட, அயனைக் கையில் தூக்கிப் பாருங்கள், தொட்டியில் 300 மில்லி தண்ணீர் ஊற்றினால் இன்னும் 300 கிராம் கூடும் என்பதையும் நினைத்துக்கொண்டு. அடித்தட்டு செரமிக்கோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ, இரண்டும் நல்லதுதான். நொன்ஸ்டிக் பூச்சு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் சிப், கொக்கி பட்டால் கீறும். சூடு குறைவாக இருக்கும்போது தண்ணீர் சொட்டாமல் தடுக்கும் வசதியும் தானாக அணையும் வசதியும் உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். வயர் நீளத்தையும் பாருங்கள்.

முதல் நாள்

தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைக் கழற்றியே வையுங்கள். முதல் தடவை சூடாக்கி ஒரு பழைய துணிமேல் இரண்டு மூன்று நிமிடம் ஆவி விடுங்கள், தயாரிப்பில் ஒட்டிய அழுக்கு அதோடு போய்விடும். அப்புறம் உடுப்பின் லேபிளைப் பாருங்கள். ஒரு புள்ளி என்றால் 110 பாகை வரை, இரண்டு 150, மூன்று 200. ஸ்டீம் வேண்டுமென்றால் பெரும்பாலான அயன்களில் இரண்டு புள்ளிக்கு மேல் வைக்க வேண்டும். அதற்குக் கீழே தண்ணீர் ஆவியாகாமல் அப்படியே சொட்டும், வெள்ளை யூனிபோமில் மண்ணிறப் பொட்டு விழுவது பெரும்பாலும் இதனால்தான். லைட் அணையும்வரை பொறுங்கள். பொலியெஸ்டர் உடுப்பை முதலில் எடுத்து, பருத்தியைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் அயன் கெதியாகச் சூடேறும், ஆறுவதற்குத்தான் நேரம் எடுக்கும். பட்டுச் சேலையை உட்பக்கமாகத் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து மினுக்குங்கள்.

தண்ணீர்

நல்ல அயன்கள் சாவது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொழும்புக்குக் குழாய் வழியே வருவது களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரித்த தண்ணீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் தண்ணீரும். அதில் சுண்ணாம்பு குறைவு, அயனுக்கு நேரே ஊற்றலாம். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் அப்படியில்லை. அங்கே நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், அந்தத் தண்ணீர் கொதித்தால் வெள்ளைப் படிவை விட்டுவிட்டுப் போகும். அயனை ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பிளட்டில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கலக்கிறார்களோ என்று சந்தேகமா, கேத்தலின் அடியைப் பாருங்கள்: வெள்ளையாகப் படிந்திருந்தால் அதுவேதான் அயனுக்குள்ளும் படியும். அப்படியான இடத்தில் பாதி குழாய்த் தண்ணீர், பாதி காய்ச்சி வடித்த (டிஸ்டில்ட்) தண்ணீர் என்று கலக்கச் சொல்லி அனேகமான கையேடுகளில் இருக்கும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், மழைத் தண்ணீர், கார் பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர், வாசனைத் தண்ணீர், கஞ்சி, எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. விநாகிரியும் அப்படியே. கையேட்டில் ஊற்றலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பரையும் உலோகத்தையும் அது அரிக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, அயன் பண்ணி முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுவது. கொழும்பு ஈரக் காற்றில் தொட்டியில் தண்ணீர் கிடந்தால் அடுத்த முறை மணமும் கறையும்தான் வெளியே வரும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரைக் கொட்டி, குதிகாலில் நிமிர்த்தி வைத்து, நன்றாக ஆறியபிறகு வயரைத் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றினால் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் வயர் முறியும்.

மாதம் ஒருமுறை

அயனில் செல்ப் கிளீன் பட்டன் இருந்தால், தொட்டியை நிரப்பி, சூட்டை மூன்று புள்ளிக்கு வைத்து, லைட் அணைந்ததும் பிளக்கைக் கழற்றி, சிங்க்குக்கு மேலே மட்டமாகப் பிடித்து, பட்டனை அழுத்திக்கொண்டே முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கொதிநீரும் ஆவியும் சேர்ந்து அழுக்கைத் தள்ளும், கையை விலக்கியே வையுங்கள், சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். தொட்டி காலியானதும் திரும்பச் சூடாக்கி, பழைய துணியில் ஓட்டிக் காய வையுங்கள்.

அடித்தட்டில் கறை என்றால், ஆறிய அயனில் அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து மெல்லிய துணியால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆவித் துளைக்குள் போனதைக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் எடுங்கள். நொன்ஸ்டிக் என்றால் முதலில் வெறும் ஈரத் துணியால் பாருங்கள். ஸ்டீல் வூல் எந்த அயனுக்கும் வேண்டாம்.

அயனைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். கரண்ட் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், திருத்துபவரிடம் கொடுங்கள். வயரின் தோல் உரிந்தால் டேப் சுற்றாமல் வயரையே மாற்றச் சொல்லுங்கள். வாரன்டிக்குள் என்றால் வாங்கிய கடைக்கே போங்கள். பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.